ஒன்பது வால் பூனை

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. தகப்பனார்கள் சொல்வார்கள்; வாத்தியார்கள் சொல்வார்கள்; ஊரில் திருட்டு அதிகமாகிவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற பெரியவர்களும் சொல்வார்கள். பழமொழிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாரும் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, காரியம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பழமொழியை ஒரு தடவையாவது கூண்டில் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. அதற்கு நல்ல சாட்சி வேண்டுமல்லவா? சரித்திரத்தில் தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய இருநூறு வருஷ காலம், உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யம் ஒன்று, தன் கப்பல்களையும் பட்டாளத்தையும் சிறைச்சாலைகளையும் ஒரு சவுக்கை நம்பி நடத்தியிருக்கிறது. அந்தச் சவுக்குக்கு ஆங்கிலேயர் வைத்த செல்லப் பெயர் 'ஒன்பது வால் பூனை'. அது நம் ஊருக்கும் வந்திருக்கிறது. நம்மவர் முதுகையும் பார்த்திருக்கிறது. அதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

சாட்சியை அழைப்பதற்கு முன் பெயர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வண்டிக்காரன் கையில் இருப்பது சாட்டை. பையன்கள் பம்பரத்தைச் சுற்றி விடுகிற கயிறும் சாட்டைதான். அந்தச் சொல்லில் அவ்வளவு பயங்கரம் இல்லை. 'கசை' என்பது வடமொழியிலிருந்து வந்தது. 'சவுக்கு' பாரசீகத்து 'சாபுக்'. குதிரையோடும் நவாபுகளோடும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. அதைத் தினமும் பத்திரிகையில் படிக்கிறோம்; பொருளை யோசிப்பதில்லை. சட்டசபையில் கட்சி அங்கத்தினர்களை ஓட்டுப் போட ஒழுங்காக அழைத்து வருகிறவருக்குக் 'கொறடா' என்று பெயர். கொறடா என்றால் மராத்தியில் சவுக்கு! ஆங்கிலேயர் நரி வேட்டையில் நாய்கள் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரைப் பார்லிமெண்டுக்குக் கொண்டுபோனார்கள். நாம் அதை மொழிபெயர்த்துக்கொண்டோம். சவுக்கு என்ற பொருள் எவ்வளவு தூரம் மனிதனுடைய எண்ணத்தில் குடியேறிவிட்டது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

இனி நமது பூனைக்கு வருவோம்.

'ஒன்பது வால் பூனை' என்ற பெயர் 1695-ம் வருஷத்திலேயே காங்கிரீவ் என்ற ஆங்கில நாடகாசிரியரின் நாடகம் ஒன்றில் வருகிறது. அதற்கு முன்பே மாலுமிகளின் வாயில் அந்தப் பெயர் புழங்கியிருக்க வேண்டும். நாடகம் பார்க்க வந்த லண்டன் ஜனங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதைச் செய்கிற முறை மிகவும் எளிது. கப்பல் கயிறு மூன்று புரிகளால் ஆனது. ஒவ்வொரு புரிக்குள்ளும் மூன்று இழைகள். கயிற்றின் ஒரு நுனியைப் பிரித்துவிட்டால் மூன்று மூன்றாக ஒன்பது வால்கள். பிரிக்காத பாகம் கைப்பிடி. வால்களில் முடிச்சுகள் போடுவதும் உண்டு. பூனை பிறாண்டியதைப் போல் முதுகில் கோடு கோடாகத் தடம் விழும் என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். பாய்மரத்தைத் தாங்கி நிற்கிற கயிறும் மாலுமியின் முதுகைப் பிளக்கிற கயிறும் ஒன்றே என்பதை நினைத்துப் பாருங்கள். கதாசிரியன் கற்பனை செய்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைவது கஷ்டம்.

கப்பலில் சவுக்கடி என்பது ஆத்திரத்தில் நடக்கிற காரியம் அல்ல. அதுதான் முக்கியம். எல்லாம் சாஸ்திரோக்தமாக நடக்கும். "தண்டனை பார்க்க எல்லோரும் வருக!" என்று குரல் எழும். சமையற்காரன் முதல் பாய் விரிக்கும் பையன் வரை அத்தனை பேரும் மேல்தளத்தில் கூட வேண்டும். மரச் சட்டம் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். காப்டன் சட்டப் புத்தகத்திலிருந்து சம்பந்தப்பட்ட பிரிவை வாசிப்பார். தொப்பிகள் கழற்றப்படும். குற்றவாளியின் சட்டையை உரித்து, கைகளைச் சட்டத்தில் கட்டுவார்கள். சிவப்புத் துணிப் பையிலிருந்து பூனை வெளியே வரும். ஒரு டஜன் அடி ஆனதும் அடிக்கிறவனை மாற்றுவார்கள். கை சளைத்து அடி மெதுவாகிவிடக் கூடாதல்லவா? கோர்ட் மார்ஷல் விசாரணை இல்லாமல் 12 அடிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்படை விதி சொல்லிற்று. நடுக்கடலில் விதியை எடுத்துக் காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? காப்டன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெரிய குற்றமாயிருந்தால் 'கடற்படையைச் சுற்றி அடித்தல்' என்று ஒரு வைபவம். குற்றவாளியைப் படகில் கட்டி, துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு கப்பலின் பக்கமாகவும் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் இத்தனை அடி என்று பங்கு. கோவில் உற்சவ மூர்த்தி வீதிக்கு வீதி நின்று மண்டகப்படி பெறுவதை நாம் பார்த்திருக்கிறோம். இது அதன் தலைகீழ்.

பட்டாளத்திலும் இதே கதைதான். அங்கே மரச் சட்டத்துக்குப் பதிலாக ஸார்ஜெண்டுகளின் ஈட்டிகளைச் சாய்த்துக் கட்டிய முக்கோணம். ரெஜிமெண்ட் முழுவதும் சதுரமாக அணிவகுத்து நிற்கும். காலாட்படையில் அடிக்கிற வேலை தம்பட்டக்காரப் பையன்களுக்கு. குதிரைப் படையில் லாடம் கட்டுகிறவர்களுக்கு. ஒருவர் 25 அடி அடித்ததும் அடுத்தவர் வருவார். பக்கத்தில் ரெஜிமெண்டு டாக்டர் நிற்பார். அவர் எதற்காக? அடிபடுகிறவன் இன்னும் எத்தனை தாங்குவான் என்று சொல்வதற்காக. "போதும்" என்று டாக்டர் சொன்னால் நிறுத்துவார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துப் புண்ணை ஆற்றுவார்கள். ஆறிய பிறகு மிச்சக் கணக்கைத் தீர்ப்பதற்காக மறுபடியும் முக்கோணத்துக்குக் கொண்டுவருவார்கள். வைத்தியம் இப்படியும் பயன்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையைக் கேட்டால் நம்ப முடியாது. 1,500 அடி என்று தீர்ப்பான ஒரு வழக்குக்குப் பிறகு, 1807-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இரக்கப்பட்டு, இனி எந்தத் தீர்ப்பும் 1,000 அடியைத் தாண்டக் கூடாது என்றார். ஆயிரம் அடி, இரக்கத்தின் எல்லை! இதைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் காலம் காட்டியது. 1809-ல் ஈலி என்ற ஊரில், சம்பளத்திலிருந்து பைக்காகப் பணம் பிடித்ததை எதிர்த்து முணுமுணுத்த உள்ளூர்ப் பட்டாளத்துக்காரர்களை, அயல்நாட்டுக் குதிரைப் படையைக் காவல் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். வில்லியம் காபெட் என்ற பத்திரிகாசிரியர், தாமே ஒரு காலத்தில் சிப்பாயாக இருந்தவர், அதைக் கண்டித்துத் தமது பத்திரிகையில் எழுதினார். 1810-ல் அவருக்குக் கிடைத்த பரிசு இரண்டு வருஷச் சிறைவாசமும் ஆயிரம் பவுன் அபராதமும். அடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை; அடித்ததைச் சொன்னவருக்குத் தண்டனை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சவுக்கு சிப்பாயின் முதுகிலும் மாலுமியின் முதுகிலும்தான் விழுந்தது. ஆபீஸர்கள் குடித்தார்கள், சண்டையிட்டார்கள், சூதாடினார்கள், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார்கள். அவர்களை வேலையிலிருந்து நீக்கியதுண்டு, அபூர்வமாகச் சுட்டதுகூட உண்டு. ஆனால் ஓர் ஆபீஸரையாவது முக்கோணத்தில் கட்டவில்லை. அப்படியானால் சவுக்கு எதை அளக்கிறது? குற்றத்தின் அளவையா? இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் யார், அந்தப் பக்கம் நிற்கிறவன் யார் என்பதை அளக்கிறது. வலி இரண்டு வாரத்தில் ஆறிவிடும். "நீ அடிக்கத் தகுந்த ஜாதி" என்று ஆயிரம் பேர் முன்னிலையில் எழுதிய எழுத்து ஆறாது.

இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அது வேலூர்.

1805-ம் வருஷ முடிவில் சென்னைப் பட்டாளத்தின் பிரதம தளபதி ஸர் ஜான் கிரடாக் சிப்பாய்களின் உடையைச் சீர்திருத்த முனைந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசை இவ்வளவுதான் இருக்கலாம், தலையில் தோல் சின்னம் வைத்த புதுமாதிரித் தலைப்பாகை. 1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மாட்டோம் என்றார்கள். மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். அவர்களில் இருவருக்கு, ஒருவர் ஹிந்து, ஒருவர் முஸ்லிம், சவுக்கடி கொடுத்து வேலையிலிருந்து விரட்டினார்கள். வேறு பலர் சவுக்கடித் தீர்ப்புப் பெற்று மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். 'பூனை தன் வேலையைச் செய்துவிட்டது; இனி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தலைப்பாகையை வைத்துக்கொள்வார்கள்' என்று அதிகாரிகள் நிம்மதி அடைந்தார்கள்.

அந்த நிம்மதி ஜூலை 10-ந் தேதி விடியற்காலை வரை நீடித்தது. அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு பறந்து வந்து அன்று காலையே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். அதற்குப் பிறகு செத்துப்போன சிப்பாய்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில். கோட்டைக்குள் சிறையிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள்தான் காரணம் என்றார்கள்; உடை உத்தரவுதான் காரணம் என்றார்கள்; சம்பளக் குறைவு என்றும் சொன்னார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அந்தச் சவுக்கடி ஜூலை மாதத்துக் கலகத்தைத் தடுக்கவில்லை. எந்தத் தலைகளைக் குனிய வைப்பதற்காக அது விழுந்ததோ அந்தத் தலைகளே நிமிர்ந்தன.

அப்போது சென்னையின் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. முப்பத்திரண்டு வயதுக்கும் உட்பட்ட வாலிபர். கம்பெனி டைரக்டர்கள் அவரையும் கிரடாக்கையும் பொறுப்பாளிகளாக்கி 1807-ல் சீமைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த அவமானத்தைப் பெண்டிங்க் மறக்கவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து, 1828-ல், கவர்னர் ஜெனரலாக மறுபடி இந்தியா வந்தார். உடன்கட்டை ஏறுவதை 1829-ல் தடுத்தவர் என்று அவரை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகத் தெரியாது. 1834-ல் வங்காள மாகாணத்துக் கோர்ட்டுகளில் சவுக்கடித் தண்டனையை நீக்கினார். 1835 பிப்ரவரி 24-ந் தேதி, பதவியை விட்டுக் கப்பலேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், சுதேசிப் பட்டாளத்தில் சவுக்கடியை அடியோடு ரத்து செய்தார்.

இது நாவலாக இருந்தால், வேலூர்க் கோட்டைச் சுவரின் மேல் விழுந்த ரத்தத்தைக் கனவில் கண்டு கவர்னர் ஜெனரல் திடுக்கிட்டு எழுந்து பேனாவை எடுத்தார் என்று ஓர் அத்தியாயம் எழுதியிருப்பேன். சரித்திரக் கட்டுரை ஆனபடியால் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். முடிச்சுப் போடுவது வாசகர்களின் பொறுப்பு.

ஆனால் அந்த உத்தரவால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஒரே கண்டோன்மெண்டில் கறுப்புச் சிப்பாயை அடிக்கக் கூடாது. வெள்ளைச் சோல்ஜரை அடிக்கலாம்! ஆளப்பட்டவனின் முதுகு பத்திரமாக இருந்தது. ஆளுகிறவனின் முதுகு கிழிந்தது. இந்தத் தர்மசங்கடத்திலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. வெள்ளையனையும் அடிக்காமல் விடலாம். அல்லது கறுப்பனையும் மறுபடி அடிக்கலாம். 1845-ல் ஹார்டிஞ்ச் பிரபு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 'ஒழுங்கு கெட்டுவிடும்' என்ற வாதம் வென்றது. பத்து வருஷம் பைக்குள் தூங்கிய பூனை வெளியே வந்தது.

அதற்கு மறு வருஷமே இங்கிலாந்தில் ஒரு சாவு நடந்தது.

லண்டனுக்கு அருகிலுள்ள ஹௌன்ஸ்லோ முகாமில் ஏழாவது ஹுஸ்ஸார் குதிரைப் படையில் ஃபிரெடரிக் ஜான் வொயிட் என்று ஒரு சோல்ஜர். குடி வெறியில் தன் ஸார்ஜெண்டை அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். தீர்ப்பு 150 சவுக்கடி. 1846 ஜூன் 15-ந் தேதி அது நிறைவேறியது. ஜூலை 11-ந் தேதி அவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இருதயத்திலும் நுரையீரலிலும் கோளாறு, சவுக்கடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ராணுவ டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சவத்தைப் புதைத்துவிட வேண்டியதுதான் பாக்கி. அந்த ஊர்ப் பாதிரியார் அங்கேதான் குறுக்கே நின்றார். விஷயம் தெரியாமல் புதைக்க மாட்டேன் என்று மரண விசாரணை அதிகாரிக்குச் செய்தி அனுப்பினார்.

மரண விசாரணை அதிகாரி யார் தெரியுமோ? தாமஸ் வேக்லி. 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையை 1823-ல் ஆரம்பித்தவர்; பார்லிமெண்ட் அங்கத்தினர். டாக்டர்களின் வார்த்தைக்கு டாக்டராக இருந்து மறுவார்த்தை சொல்லக் கூடியவர். அவர் வேறொரு நிபுணரைக் கொண்டு சவத்தை மறுபடி சோதிக்கச் செய்தார். தோல் நோய்களில் பேர்பெற்ற எராஸ்மஸ் வில்சன், முதுகுத் தசை ஆழத்தில் சிதைந்திருப்பதைக் கண்டு, சாவுக்குக் காரணம் சவுக்கடிதான் என்று சாட்சி சொன்னார். ஜூரிகள் அதை ஒப்புக்கொண்டதோடு, இப்படியொரு தண்டனை நாட்டில் இருப்பதையே வெறுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கடைக்காரர்களும் தொழிலாளிகளுமான சாதாரண ஜூரிகள் அவர்கள். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே பிரதம சேனாதிபதி வெல்லிங்டன் பிரபு 50 அடிக்கு மேல் கூடாது என்று உத்தரவிட்டார். வெல்லிங்டன் சவுக்கின் பரம பக்தர். வாட்டர்லூவில் அவர் ஜெயித்த பிரெஞ்சுப் பட்டாளத்தில் சவுக்கடியே கிடையாது என்பதையும், அந்தச் சவுக்கில்லாத பட்டாளம் இருபது வருஷம் ஐரோப்பாவைக் கலக்கியது என்பதையும் அவருடைய எதிரிகள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

என் போன்ற கதை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கர்வம் தரக்கூடிய சங்கதி ஒன்றும் உண்டு. அமெரிக்க யுத்தக் கப்பலில் மாலுமியாக இருந்து, சவுக்கடி வைபவங்களைக் கண்ணால் பார்த்த ஹெர்மன் மெல்வில், 1850-ல் 'வொயிட் ஜாக்கெட்' என்ற நாவலை வெளியிட்டார். அதே வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் தன் கடற்படையில் சவுக்கடியை ஒழித்தது. நாவலால்தான் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஜான் ஹேல் என்ற செனட்டர் அதற்கு முன்பே வருஷக்கணக்கில் போராடியிருந்தார். இருந்தாலும் ஒரு நாவல் சரியான சமயத்தில் சரியான பக்கத்தில் நின்றது என்பது சின்ன விஷயமல்ல. பிரிட்டிஷ் பட்டாளத்தில் சமாதான காலத்துச் சவுக்கடி 1868-ல் போயிற்று. 1881-ல் முழுவதும் போயிற்று. ஒழுங்கு கெட்டதா? அதற்குப் பிறகு அந்தப் பட்டாளம் இரண்டு உலக யுத்தங்களைச் சவுக்கில்லாமல் நடத்தியது.

பட்டாளத்தை விட்டு ஓடிய பூனை கோர்ட்டுக்குள் புகுந்துகொண்டது. 1862-ல் லண்டன் தெருக்களில் இருட்டில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடிக்கும் கூட்டம் ஒன்று கிளம்பியது. பார்லிமெண்ட் அங்கத்தினர் ஒருவரே தாக்கப்பட்டார். நகரமே கிலி பிடித்தது. 1863-ல் அப்படிப்பட்ட கொள்ளைக்குச் சவுக்கடி என்று சட்டம் வந்தது. கொள்ளை நின்றது! "பார்த்தீர்களா, பூனையின் மகிமையை!" என்று முக்கால் நூற்றாண்டு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1938-ல் கடோகன் கமிட்டி பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தது. சட்டம் வருவதற்கு முன்பே போலீஸ் அந்தக் கூட்டத்தைப் பிடித்துவிட்டது. கொள்ளை ஓய்ந்த பிறகுதான் சவுக்கு வந்தது! மழை நின்ற பின் குடை விரித்தவன், தன் குடையால்தான் மழை நின்றது என்று சொன்ன கதை. அதே கமிட்டி 1921 முதல் 1930 வரை கொள்ளைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற 440 பேரின் பிற்கால நடத்தையையும் ஆராய்ந்தது. சவுக்கடி பட்டவர்களே, படாதவர்களைக் காட்டிலும் அதிக விகிதத்தில் மறுபடி குற்றம் செய்திருந்தார்கள். 1948-ல் இங்கிலாந்து கோர்ட்டுகள் சவுக்கைக் கீழே வைத்தன. சிறைக்குள் அது 1967 வரை உயிரோடிருந்தது.

நம் நாட்டில் நடந்தது என்ன? மெக்காலேயின் கமிஷன் எழுதிய இந்தியன் பீனல் கோடு 1860-ல் சட்டமானபோது அதில் சவுக்கடி கிடையாது. 1864-ல் தனிச் சட்டம் போட்டு உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு பூனை போய்ப் பிரம்பு வந்தது. பெரியவர்களுக்கு அதிகபட்சம் 30 அடி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 15. பெண்களை அடிக்கக் கூடாது. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை அடிக்கக் கூடாது. தவணை முறையில் அடிக்கக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எல்லாம் சாஸ்திரோக்தம். அந்தச் சட்டத்தில் ஒரு சொற்றொடர் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிறுவர்களைப் 'பள்ளிக்கூடத்து ஒழுங்கு முறைப்படி' மெல்லிய பிரம்பால் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சர்க்கார் எங்கிருந்து பாடம் கற்றுக்கொண்டது, பார்த்தீர்களா? வாத்தியாரிடமிருந்து!

1919-ல் பஞ்சாபில் ராணுவச் சட்டத்தின் கீழ் நடுத்தெருவில் முக்கோணம் நாட்டினார்கள். வடநாட்டார் அதை 'டிக்டிக்கி' என்பார்கள். அமிருதசரஸில் ஆங்கிலப் பெண்மணி ஒருத்தி தாக்கப்பட்ட சந்தில், ஜெனரல் டயர் மக்களை வயிற்றால் ஊர்ந்து போகச் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சந்தில் ஆறு இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள் என்பது சிலருக்கே தெரியும். அந்தத் தாக்குதலில் அவர்களுக்குச் சம்பந்தம் உண்டென்று அதுவரை எந்தக் கோர்ட்டும் தீர்ப்பளிக்கவில்லை. எந்த இடத்தில் குற்றம் நடந்ததோ அந்த இடத்தில் யாராவது அடிபட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பஞ்சாபைப் பயத்தால் அடக்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் தேசம் முழுவதும் ஒத்துழையாமை எழுந்தது.

அந்த ஒத்துழையாமையில், 1921-ம் வருஷக் கடைசியில், காசியில் ஒரு பதினைந்து வயதுப் பையனைப் பிடித்து மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தினார்கள். பெயர் கேட்டதற்கு "ஆஜாத்" என்றான். விடுதலை என்று பொருள். சட்டம் அனுமதித்த பதினைந்து பிரம்படி கிடைத்தது. ஒவ்வோர் அடிக்கும் "மகாத்மா காந்திக்கு ஜே!" என்று கத்தினான். ஜவாஹர்லால் நேருவும் தமது சுயசரிதையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குப் போய் ஒழுங்காகப் படி என்று சொல்வதற்காக விழுந்த அடி அது. அந்தப் பையன் வீட்டுக்குப் போகவில்லை. காந்திஜியின் அகிம்சை வழியையும் பிறகு விட்டுவிட்டான். பத்து வருஷத்துக்குள், 1931 பிப்ரவரியில், அலகாபாத் பூங்கா ஒன்றில் போலீசாருடன் துப்பாக்கிச் சண்டையிட்டு உயிர் நீத்த சந்திரசேகர ஆஜாத் அவன்தான். பதினைந்து அடியில் சர்க்கார் ஒரு மாணவனை இழந்து ஒரு புரட்சிக்காரனைச் சம்பாதித்துக்கொண்டது.

1920-ல் இந்தியப் பட்டாளத்திலிருந்து சவுக்கடி எடுபட்டது. சுதந்திரத்துக்குப் பின், 1955-ல், பார்லிமெண்ட் சட்டம் போட்டுக் கோர்ட்டுகளிலிருந்தும் எடுத்துவிட்டது. ஆரவாரம் இல்லை, பெரிய விவாதம் இல்லை. ஆனால் அந்தப் பழைய சட்டத்தின் வாரிசு ஒன்று கடலுக்கு அப்பால் இன்னும் வாழ்கிறது. இந்தியன் பீனல் கோடைப் பார்த்து எழுதிய சட்டம்தான் சிங்கப்பூருக்கும் போயிற்று. அங்கே இன்றும் பிரம்படி உண்டு. ஒரு விசாரணையில் 24 அடி வரை, பெண்களுக்கு இல்லை, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இல்லை, டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். பழைய ஷரத்துக்களின் முகஜாடை அப்படியே தெரிகிறது. அங்கே குற்றம் குறைவு, அது பிரம்பின் புண்ணியம் என்று இங்கே பலர் பெருமூச்சு விடுகிறார்கள். நேர்மையான போலீசும், தாமதமில்லாத கோர்ட்டும், மாட்டிக்கொள்வது நிச்சயம் என்ற எண்ணமும் அந்த ஊரில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் கடன் கேட்கிறோம். அதுதான் மலிவு.

சாட்சி விசாரணை முடிந்தது. பூனை என்ன சொல்லிற்று? வேலூரில் அடித்தேன், கலகம் வந்தது. லண்டனில் கொள்ளையை நான் நிறுத்தவில்லை. நின்ற பிறகு வந்தேன். அமிருதசரஸில் யாரையோ அடித்தேன். காசியில் ஒரு பையனை அடித்து வீரனாக்கினேன். பட்டாளத்திலிருந்து என்னைத் துரத்தினார்கள், பட்டாளம் கெட்டுப்போகவில்லை. இவ்வளவுதான் அதன் வாக்குமூலம். அது நிச்சயமாகச் செய்த ஒரே காரியம், அடிக்கிறவனுக்கும் அடிபடுகிறவனுக்கும் நடுவே ஒரு கோடு போட்டதுதான். அந்தக் கோட்டை அடிபட்டவன் ஒரு நாளும் மறக்கவில்லை.

'அடி உதவுகிற மாதிரி' என்கிற பழமொழியில் யாருக்கு உதவுகிறது என்று சொல்லவில்லை. அடிக்கிறவனுக்கு உதவுகிறது. யோசிக்கிற சிரமத்தை மிச்சப்படுத்துகிறது; காரணம் சொல்லிப் புரிய வைக்கிற நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. அங்கே மாஜிஸ்டிரேட்டும் நாமே, டாக்டரும் நாமே, அடிகளை எண்ணுகிறவரும் நாமே. ஆயிரம் அடியை இரக்கத்தின் எல்லை என்று நினைத்த மன்னரைப் பார்த்துச் சிரிக்கிறோம். பரண்மேல் செருகி வைத்திருக்கும் சின்னப் பிரம்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.